கைலித் துணியும் கான்ஸ்டபிள் குடையும்

மஞ்சக்குப்பம், கடலூர்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து எழுதியது.

பிரியத்துக்குரிய மச்சான் நாசருக்கு, உன் அக்காள் புருஷன் நைனா முகம்மது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், உன் அக்கா அமீனா பீவி, மகள் தஸ்னீம், எட்டு மாதத்துப் பேத்தி அர்ஃபா எல்லோரும் சுகம். மாப்பிள்ளை அஷ்பாக்கும் துபாயில் சுகம் என்று நேற்று பேசினார். அங்கே சிதம்பரத்தில் உன் உடம்பும், உன் சர்க்கரையும், பஸ் ஸ்டாண்டு பக்கத்து உன் ஃப்ரிட்ஜ் கடையும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், ஏனென்றால் மூன்று மாதமாக நீ எங்களோடு சரியாகப் பேசவில்லை. சரி, சுகம் விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ பாதியில் கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் யாராக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிடுவார்கள். நேற்று சாயங்காலம் உன் அக்கா உனக்கு ஒரு செய்தி சொல்லத்தான் போன் போட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். ஸ்பீக்கரில் இருந்தது, அத்தனையும் என் காதில் விழுந்தது. "அக்கா, மச்சானால நான் ஜமாஅத்துல தலை காட்ட முடியல. மாருல கைலியக் கட்டிக்கிட்டு, அதுல புள்ளயப் போட்டுக்கிட்டு, நாலு வீதியும் சுத்துனாராமே? போலீஸ் வேற புடிச்சிட்டுப் போச்சாமே? அந்தப் போட்டோ வராத குரூப்பே இல்ல. பொண்டுங்க செய்யிற வேலைய இவுரு ஏன் செய்யறாரு? நான்தான் அன்னிக்கே சொன்னனே, புள்ள பெத்தவளுக்கு இனிமே பரீட்சை எதுக்குன்னு" என்று சொல்லிவிட்டு, டக்கென்று வைத்துவிட்டாய். உன் அக்கா சொல்ல வந்த செய்தி அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதை நான் இந்தக் கடிதத்தில் அதற்குரிய இடத்தில் சொல்வேன். அதுவரை நீ படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில், நான் ஏன் அந்தக் குழந்தையைக் கட்டிக்கொண்டேன் என்பதைக் கேள். தஸ்னீம் பி.எட். சேர்ந்தது கல்யாணத்துக்கு முன்னால். கடைசிப் பரீட்சை தள்ளிப்போய்த் தள்ளிப்போய், அர்ஃபா பிறந்து ஐந்தாவது மாதம், பொங்கல் லீவு முடிந்த மறுவாரம் வந்து நின்றது. ஐந்து பேப்பர், ஐந்து நாள், காலை பத்து முதல் ஒன்று வரை, சென்டர் சிதம்பரத்தில். குழந்தையோ தாய்ப்பாலைத் தவிர ஒன்றையும் தொடாது. பாட்டில் ரப்பரை வாயில் வைத்தால் முகத்தைச் சுளித்துத் துப்பிவிடும். சங்கில் புகட்டினால் அவள் வயிற்றுக்குப் போவதை விட என் சட்டைக்குப் போவது ஜாஸ்தி. ஆகவே பரீட்சைக்கு உள்ளே போவதற்கு முந்தின நிமிஷம் ஒரு தடவை, வெளியே வந்த நிமிஷமே ஒரு தடவை பால் கொடுக்க வேண்டும். இடைப்பட்ட மூன்று மணி நேரம் யாராவது குழந்தையை வாசலிலேயே வைத்திருக்க வேண்டும். உன் அக்கா வைத்திருப்பாள் என்றுதான் ஏற்பாடு. பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு எலும்பு விட்டுப்போய், மாவுக்கட்டுப் போட்டாயிற்று. அன்றைக்குச் சாப்பிடும்போது தஸ்னீம் தட்டைப் பார்த்தபடியே, "பரவால்லத்தா, அடுத்த வருஷம் எழுதிக்கறேன்" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை, மச்சான். என் ஜவுளிக்கடையில் ஒரு துணி ரொம்பப் பிடித்திருந்தும் எடுக்க முடியாத பெண்கள் அந்தக் குரலில்தான் "அப்புறம் வர்றோம் பாய்" என்பார்கள். நாற்பது வருஷம் கேட்ட குரல். அவர்கள் திரும்பி வந்ததே இல்லை.

"நான் வர்றேன்" என்றேன். உன் அக்கா, "எங்க வர்றீங்க?" என்றாள். "சிதம்பரத்துக்கு. நான் வெச்சிக்கறேன் புள்ளைய." அவள் சிரித்தாள். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரிக்க அவளுக்கு உரிமை உண்டு. மூன்று பிள்ளை பெற்ற மனிதன் நான், ஒன்றையாவது பத்து நிமிஷத்துக்கு மேல் தூக்கினவன் இல்லை. அவை அழுதால் கடைக்குப் போய்விடுவேன்.

தஸ்னீம்தான் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு நீளத் துணி, அவ்வளவுதான். நடுவை நெஞ்சில் வைத்து, இரண்டு முனையையும் முதுகுக்குக் கொண்டுபோய்க் குறுக்கே மாற்றி, தோள் வழியாக முன்னால் இறக்கி, குழந்தையை உள்ளே தவளை மாதிரிக் காலை மடக்கி உட்கார வைத்து, அதன் தொடைக்கு அடியில் மறுபடி மாற்றி, இடுப்பில் முடிச்சு. அவள் இதற்கென்று ஒரு சிந்தெடிக் சேலையை எடுத்து வந்தாள். அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. "அந்த வழுக்கற சமாச்சாரத்த உள்ள வை. ஜவுளிக்கடைக்காரன் பேத்தி வேர்க்குரு வந்து சொறியறதா?" என்று பீரோவைத் திறந்து, கடையை மூடும்போது விற்க மனசில்லாமல் எடுத்து வைத்த குறிஞ்சிப்பாடி கைலித் துணியை எடுத்தேன். தறியிலிருந்து வந்தபடியே, வெட்டாத தைக்காத ஐந்து மீட்டர், நீலக் கட்டம், நூறு தடவை துவைத்தாலும் சாயம் போகாது. இழுத்தால் கொடுக்கும், விட்டால் பிடிக்கும், காற்றும் போகும். ஆகவே, நாசர், நான் மார்பில் கட்டியது கைலி அல்ல, கைலித் துணி. தைத்தால்தான் கைலி. இந்த வித்தியாசம் ஃப்ரிட்ஜ் விற்கிறவனுக்குத் தெரியாது, போகட்டும்.

முதலில் குழந்தையை வைத்துப் பழக உன் அக்கா விடவில்லை. "அரிசியக் கட்டிப் பாருங்க மொதல்ல" என்றுவிட்டாள். ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை, அதன் மேல் ஒரு தேங்காய், தலை என்று ஒன்று வேண்டாமா? இரண்டு நாள் வீட்டுக்குள்ளே கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன். மூன்றாம் நாள் தைரியம் வந்து தெருவில் இறங்கினேன். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சபாபதி பேப்பரை இறக்கிவிட்டு, "ஏன் பாய், அரிசிக்கு ஒடம்பு சரியில்லையா? டாக்டர்கிட்ட போறீங்களா?" என்றார். நான் பதில் சொல்லத் திரும்பின திருப்பில் முடிச்சு விட்டுப்போய், பை சரிந்து, பொன்னி முழுக்கத் தெருவில் கொட்டி, தேங்காய் அவர் வீட்டு வாசல் வரைக்கும் உருண்டு போய் நின்றது. அவர் சிரிக்கவே இல்லை. தேங்காயை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அரிசிக்குப் பதில் அவள் இருந்திருந்தால்? அன்று மட்டும் நாற்பது தடவை முடிச்சுப் போட்டேன், அவிழ்த்தேன், போட்டேன். உன் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, பாங்கு ஆபீசர் மாதிரி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, "இது செல்லாது", "இதுவும் செல்லாது" என்று தள்ளினாள். நாற்பத்தொன்றாவதைத்தான் செல்லும் என்றாள். பிறகுதான் அர்ஃபாவைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சட்டம் போட்டாள். முகம் எப்போதும் வெளியே தெரியணும், தாடை நெஞ்சில் ஒட்டக் கூடாது, நான் குனிந்தால் அவள் நெற்றியில் முத்தம் வைக்கிற உயரத்தில் இருக்கணும், அதற்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கினாலும் அவிழ்த்துக் கட்டணும்.

முதல் பரீட்சை அன்று பஸ்ஸில் கண்டக்டர், "கைப்புள்ள வெச்சிருக்கறவங்களுக்கு எடம் குடுங்க, கைப்புள்ள" என்று குரல் கொடுத்துவிட்டு, எந்தப் பெண் என்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடினார். நான் கையைத் தூக்கினேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு பெண்மணி எழுந்து இடம் கொடுத்து, "நீங்களே கட்டினீங்களா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். கடையில் முதல் நாள் முதல் வியாபாரம் ஆனபோதுகூட நான் அப்படி நிமிர்ந்து உட்காரவில்லை.

சென்டரில் தஸ்னீம் பால் கொடுத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். பிறகு எனக்கும் அர்ஃபாவுக்கும் இடையே ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. நான் நடந்தால் அவள் தூங்குவாள். நின்றால் நெளிவாள். உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். மூன்று மணி நேரமும் நடக்க வேண்டும், வழியும் தவறக்கூடாது, நேரத்துக்கு வாசலுக்கும் திரும்ப வேண்டும். சிதம்பரத்தில் அதற்கென்றே கட்டி வைத்த மாதிரி கோயிலைச் சுற்றி நாலு தேர் வீதி இருக்கிறது. கீழவீதியில் ஆரம்பித்து, தெற்கு, மேற்கு, வடக்கு என்று போனால் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். ஆகவே சுற்றினேன். தெற்கு வீதி முனையில் பூ விற்கிற சௌந்தரம் என்கிற பெண்மணி முதல் நாளே என்னைக் கவனித்துவிட்டாள். இரண்டாவது சுற்றில் சிரித்தாள். மூன்றாவது சுற்றில், "பாய், கோயில இத்தினி தடவ எங்க ஆளுங்களே சுத்தறதில்ல. ஒங்களுக்குத்தான் மொத புண்ணியம்" என்றாள். "புண்ணியம் ஒங்களுக்கு வரவு வெச்சிக்கங்கம்மா, எனக்குப் பேத்தி தூங்கனா போதும்" என்றேன். அன்றிலிருந்து நான் அவளைத் தாண்டும்போதெல்லாம் எத்தனாவது சுற்று என்று சத்தமாகச் சொல்லுவாள். உன் கடைப் பக்கம் மட்டும் நான் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், 'பரீட்சை எதுக்கு' என்று அன்றைக்கே சொன்னவன் நீ.

மூன்றாவது பரீட்சை. மணி பதினொன்றரை இருக்கும், மேலவீதி. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. "பெரியவரே, கொஞ்சம் நில்லுங்க."

"நிக்க முடியாது தம்பி. நின்னா முழிச்சிக்குவா."

திரும்பிப் பார்த்தால் போலீஸ். முப்பது வயது இருக்கும், சட்டையில் தேவநாதன் என்று பெயர். வண்டியை ஓரம் கட்டிவிட்டு என் கூடவே நடந்தார். "யார் கொழந்த இது?" "என் பேத்தி." "அம்மா எங்க?" "பரீட்சை எழுதிட்டிருக்கா." விஷயம் என்னவென்றால், ஒரு கிழவர் மூன்று நாளாகத் துணிக்குள் ஒரு குழந்தையைப் போட்டுக்கொண்டு எங்கேயும் நிற்காமல் வேக வேகமாகப் போய்க்கொண்டே இருக்கிறார் என்று யாரோ ஸ்டேஷனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குழந்தை விஷயத்தில் சந்தேகப்படுவது நல்லது. ஆனால் தேவநாதன் அடுத்து சொன்னதுதான் எனக்குச் சரிப்படவில்லை. "வாங்க, காலேஜுக்குப் போயி அவுங்கள ஒரு நிமிஷம் வெளிய கூப்பிட்டுப் பாத்துடுவோம்."

என் கால் நின்றுவிட்டது, மூன்று நாளில் முதல் தடவையாக. அர்ஃபா நெளிந்தாள். மறுபடி நடந்தேன். "தம்பி, கூப்பிடாதீங்க. போலீஸ் கூப்பிடுதுன்னா எம் பொண்ணு என்னா ஏதுன்னு பேப்பர அப்படியே போட்டுட்டு ஓடியாந்துடுவா. அப்பறம் உள்ள விட மாட்டாங்க. ஒரு வருஷம் போயிடும். ஒரு மணிக்கி அவளே வருவா."

"கம்ப்ளைண்ட் வந்திருக்கு பெரியவரே. தாயப் பாக்காம நான் உங்கள விட முடியாது."

"விடாதீங்க. விடச் சொல்லி நான் கேக்கவே இல்லையே. கூடவே இருங்க."

"சரி, அப்ப அந்த டீக்கடையில உக்காருங்க."

"உக்காந்தாலும் முழிச்சிக்குவா தம்பி. நடக்கணும்."

அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். ஒரு ஆளைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், ஆனால் அந்த ஆள் நிற்கவும் மாட்டான், உட்காரவும் மாட்டான், ஓடவும் மாட்டான். இதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது? "உள்ளூர்ல யாராச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்றார். இருக்கிறார், என் மச்சான், பெரிய கடை வைத்திருக்கிறார் என்று உன் நம்பரைப் போட்டேன். கட் பண்ணினாய். மறுபடி போட்டேன். கட். மூன்றாவது தடவை 'மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கவும்' என்று மெசேஜ் வந்தது. தேவநாதன் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார். ஃப்ரிட்ஜ் கடையில் பதினொன்றரை மணிக்கு என்ன மீட்டிங், நாசர்? ஃப்ரிட்ஜுகளோடா?

அதன் பிறகு வீட்டுக்கு அவரே தன் போனில் பேசினார். "சிதம்பரம் போலீஸ் பேசறேம்மா" என்றதும் உன் அக்கா போட்ட "யா அல்லாஹ்!" எனக்கே கேட்டது. ஆனால் நடந்ததைச் சொன்னதும் அவள் அழவில்லை, கெஞ்சவில்லை, அவரை வேலை வாங்க ஆரம்பித்துவிட்டாள். "தம்பி, புள்ளைக்கித் தொப்பி போட்டிருக்காரா? மூஞ்சி வெளிய தெரியுதா? கழுத்து மடங்கியிருக்கா பாருங்க, மடங்கனா மூச்சு முட்டும். முடிச்ச ஒரு இழு இழுத்துப் பாருங்க." தேவநாதன் நடந்தபடியே குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, "போட்டிருக்காரும்மா… தெரியுதும்மா… மடங்கலம்மா… முடிச்சு டைட்டா இருக்கும்மா" என்று ரிப்போர்ட் கொடுத்தார். "வெயில் ஏறியிருக்குமே, ஒரு கொடை கெடையாதா அந்த ஊர்ல?" என்று அவள் கேட்க, அவர் என்னை அந்த வீதியிலேயே நடக்கச் சொல்லிவிட்டு, வண்டியில் தெற்கு வீதி முனைக்குப் போய்ச் சௌந்தரத்திடம் குடை வாங்கி வந்தார். அவள் குடையைக் கொடுத்ததோடு விடவில்லை. "ஏன் சார், மூணு நாளா நான் பாக்கறேன், அவுரு புள்ளயத் தூக்கிட்டுப் போறவுரா? புள்ளதான் அவுரத் தூக்கிட்டுப் போவுது!" என்று வீதி கேட்கச் சொன்னாளாம். எனக்கு ஒரு கை குழந்தையின் முதுகில், ஒரு கை அதன் அடியில். ஆகவே குடையைக் கான்ஸ்டபிளே பிடித்தார். நீ பார்த்த போட்டோ இதுதான். பிடித்துக்கொண்டு போகிற போலீஸ் குடை பிடிக்குமா என்று யாராவது யோசித்தீர்களா?

நடந்துகொண்டே பேசினோம். கிள்ளைப் பக்கம் வீடாம், இரண்டு வயசில் ஒரு பெண் குழந்தையாம். "நான் ட்யூட்டிக்குக் கெளம்பறப்ப தூங்கும், திரும்பி வரப்பயும் தூங்கும். என்னப் பாத்தா அது அம்மா பின்னாடி ஒளிஞ்சிக்குது பெரியவரே" என்றார். நானும் அப்படித்தான் இருந்தேன் தம்பி, என்றேன்.

பன்னிரண்டே காலுக்கு அர்ஃபா எழுந்துவிட்டாள். பசி. நடை, பாட்டு, தட்டல் எதற்கும் மசியவில்லை, வீல் வீல் என்று ஒரே அழுகை. நாங்கள் அப்போது கீழவீதியில், சென்டருக்கு நேர் எதிரே. அந்தச் சத்தம் உள்ளே போனால் தாயின் பேனா நின்றுவிடும். "தம்பி, ஓடணும்" என்றேன். ஒரு கான்ஸ்டபிளும் ஒரு கிழவனும் சந்து வழியாக வடக்கு வீதிக்கு ஓடினதை நீ நினைத்துப் பார். அங்கே போய் அவர் விசில் ஊதிப் பார்த்தார், அதற்கு இன்னும் அழுதாள். கடைசியில் வேர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றினார். அதிலிருந்த பித்தளை பேட்ஜ் வெயிலில் மின்னியது. அழுகை பட்டென்று நின்றது. பிறகு முக்கால் மணி நேரம், ஒரு கையில் குடை, ஒரு கையில் தொப்பி, வெறுந்தலையோடு அவர் எங்கள் முன்னால் பின்னோக்கி நடந்தார். நான் அவரைப் பார்த்து நடந்தேன். "பின்னாடி சைக்கிள் தம்பி… பள்ளம் தம்பி… எடது பக்கம் வாங்க" என்று நான் வழி சொல்ல, அவர் தொப்பியை ஆட்டிக்கொண்டே வர, வடக்கு வீதிக் கடைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தரும் கேலி செய்யவில்லை. இரண்டு பேர் வழியில் நின்ற வண்டிகளை எடுத்து ஓரம் வைத்தார்கள்.

நாங்கள் சென்டர் வாசலுக்குத் திரும்பி வர, ஒரு மணிக்கு பெல் அடித்தது. கூட்டத்தில் தஸ்னீம் வந்தாள், போலீஸைப் பார்த்தாள், கையிலிருந்த பரீட்சை அட்டை கீழே விழுந்தது. "அத்தா! என்ன ஆச்சு? புள்ளைக்கு என்ன?" நான், "ஒண்ணும் ஆகல. எல்லாக் கேள்வியும் எழுதினியா?" என்றேன். "அத்தா, போலீஸ்…" "அவுரு நம்ம தேவநாதன். நீ எழுதினியா இல்லையா, அதச் சொல்லு." "எழுதிட்டேன்த்தா. கடேசி கேள்வி வரைக்கும் எழுதிட்டேன்." தேவநாதன் நோட்டை எடுத்து, ஹால் டிக்கெட் எங்கே, அடையாள அட்டை எங்கே என்று ஆரம்பித்தார். அதற்குள் அர்ஃபா தாயின் குரல் கேட்டு, துணிக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே நீட்டித் தாவின தாவலில் நான் ஒரு அடி முன்னே போய்விட்டேன். அவர் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். "இதுக்கு மேல என்ன ப்ரூஃப்?" என்றார். போகும்போது என்னிடம் தனியாக வந்து, "பெரியவரே, அந்த முடிச்சு ஒரு தடவ காட்டுங்க. ரெண்டு வயசுப் புள்ளையும் தாங்குமா?" என்று கேட்டார். முதுகில் கட்டினால் தாங்கும் என்று, துணி எங்கே வாங்கணும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன். பழைய தொழில் விடுமா?

பாக்கி இரண்டு பரீட்சைக்கும் நாலு வீதியில் எனக்கு இருந்த மரியாதையைச் சொன்னால் நீ பொறாமைப்படுவாய், ஆகவே சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாற்பது வருஷம் மீட்டர் கணக்கில் துணி கிழித்துக் கொடுத்தவன் நான், துணி எதற்கென்று எனக்கு அறுபத்து நாலு வயசில்தான் தெரிந்தது. என் நெஞ்சுக்கு நேரே இன்னொரு சின்ன நெஞ்சு குருவி மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். அவள் பெருமூச்சு விட்டால் என் சட்டைப் பொத்தான் சூடாகும். தூக்கத்தில் சிரித்தால் கண்ணால் பார்க்காமலே எனக்குத் தெரியும். என் மூன்று பிள்ளைகளும் இந்த வயசில் என்ன கனம் இருந்தார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர்களுடைய சட்டை அளவு மட்டும்தான் தெரியும். திரும்பி வரும்போது பஸ்ஸில் தஸ்னீம் களைத்துப்போய் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மார்பில் ஒருத்தி, தோளில் ஒருத்தி. கடலூர் வரும்வரை நான் அசையவில்லை. இதற்கு நான் வெட்கப்பட வேண்டும் என்கிறாயா? இந்த ஜில்லாவில் இந்த வருஷம் என்னை விடப் பெரிய காரியம் செய்த ஆம்பளை ஒருத்தன் பெயரைச் சொல், நான் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்தச் செய்தி. நேற்று ரிசல்ட் வந்தது. தஸ்னீம் ஐந்து பேப்பரும் பாஸ், முதல் வகுப்பு. அதிலும் அந்த மூன்றாவது பேப்பரில்தான் மார்க் எல்லாவற்றையும் விட அதிகம். இதைச் சொல்லத்தான் உன் அக்கா போன் போட்டாள். நீ வைத்துவிட்டாய்.

ஆகவே இறுதியாகச் சொல்கிறேன். அந்தப் போட்டோவை முதன்முதலில் குரூப்பில் போட்டவன் எவனோ, ஒரு வார்த்தை விளக்கம்கூட எழுதாமல் போட்டிருக்கிறான். அதனால்தான் ஊர் வாய்க்கு வந்ததைச் சொல்லியது. நெல்லிக்குப்பத்துக் கூட்டாளி ஒருத்தன் எனக்கே அதை அனுப்பி, 'ஜாமீன் கிடைத்ததா?' என்று கேட்டான். வந்த கோபத்தில் அக்கணமே அழித்துவிட்டேன். அந்த அயோக்கியனை நீ கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து, ஜமாஅத்தில் நாலு பேர் முன்னால் நிறுத்தி, என்னிடம் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும். எல்லா போனிலிருந்தும் அது அழிய வேண்டும். இது நடக்கும்வரை நான் உன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன், நீயும் இங்கே வரவேண்டியதில்லை. இதில் மாற்றம் இல்லை.

உனக்கும், தங்கச்சிக்கும், பிள்ளைகளுக்கும் ரப்புல் ஆலமீன் குறைவில்லாத சுகத்தையும், மூன்றாவது ரிங்கிலாவது போனை எடுக்கிற நல்ல புத்தியையும் கொடுக்கட்டும். ஆமீன். உன் அக்கா ஸலாம் சொல்லச் சொன்னாள். அர்ஃபா சொல்லவில்லை, அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, வந்தாலும் யோசித்துத்தான் சொல்லுவாள்.

இப்படிக்கு,
நைனா முகம்மது

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் உன் அக்காவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அயோக்கியன் என்கிற இடம் வந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்து, "அந்த எடத்த மட்டும் அடிச்சிடுங்க" என்றாள். ஏன் என்றேன். "அன்னிக்கி நான் மனசு கேக்காம அந்தப் போலீஸ்காரத் தம்பிக்கு மறுபடி மறுபடி போன் பண்ணிட்டே இருந்தனா, அவுரு யார்கிட்டயோ போனக் குடுத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாரு. பாத்தேன். எம் புருஷன ஊரே பாக்கட்டும்னு நம்ம பொம்பளைங்க குரூப்புல நான்தான் போட்டேன். பெருமையா இருந்திச்சி, என்னா எழுதறதுன்னு தெரியல" என்றாள். மூன்று மாதமாகச் சொல்லாதது ஏன் என்று கேட்டால், நான் கோபமாக இருந்தேனாம். ஆகவே, மச்சான், மேலே எழுதியதில் யாரையும் கண்டுபிடிக்க வேண்டாம், ஜமாஅத்தும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்துவிடு, பிரியாணி. பதினோரு பக்கம் எழுதிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன், படித்துவிட்டுப் படிக்காத மாதிரி இரு. வரும்போது அந்தப் போட்டோ உன்னிடம் இருந்தால் அழிக்காமல் கொண்டு வா. அவள் போன் போன மாதம் கெட்டுப்போய் எல்லாம் போய்விட்டதாம். பெரியதாகப் பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும். எங்கள் இரண்டு பேரிடமும் ஒன்றுகூட இல்லை.